மூச்சைச் சுரண்டுதல்

ஓரெஸ்ட் ஹாவ்ரிலுக்கை அடக்கம் செய்த அன்று
வெளியே மைனஸ் முப்பத்து நான்கு.
எங்கள் ஊரில் பெரிய கூடம் ஒன்றுதான்,
அதிலும் பாதி பனிக்கட்டி.
கர்லிங் கிளப்பின் கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம்
இருநூறு பேர் பெரோகி தின்றார்கள்,
அந்தப் பக்கம் நான்கு தடங்கள் வெறுமனே கிடந்தன.
யாரோ இடைக்கதவுக்கு நாற்காலியை முட்டுக்கொடுத்துவிட்டார்கள்.
நான் பார்க்கவில்லை.
காப்பிப் பாத்திரத்தோடு மல்லாடிக்கொண்டிருந்தேன்.

காலை ஐந்தரைக்கு விளக்கைப் போட்டேன்.
தடம் முழுக்க வெள்ளை ரோமம்.

பதினொரு குளிர்காலமாக
இந்தப் பனிக்கட்டியை வளர்ப்பவள் நான்.
குழாய்த் தண்ணீர் இதற்கு ஆகாது.
சாஸ்கச்சுவான் மண்ணுக்கு அடியில் பழைய கடல் ஒன்று
உப்பாகப் படுத்திருக்கிறது, அது எதிலும் வந்து கலக்கும்.
சுண்ணாம்பை, இரும்பை, உப்பையெல்லாம் வடித்து
ஒன்றுமில்லாத தண்ணீராக்கித்தான் ஊற்றுவேன்.
ஒருமுறை குடித்துப் பார்த்தேன்.
என் நாக்குதான் ருசித்தது.

உள்ளே இருக்கும் ஒவ்வொரு மூலக்கூறும்
இரண்டு கை கொடுத்து இரண்டு கை கொள்ளும்.
நாலா பக்கமும் சம்பந்தி.
மேல் வரிசைக்கு மட்டும்
தலைக்கு மேலே கொள்வினை கொடுப்பினை இல்லை.
நீட்டிய கை நீட்டியபடி
ஓரிடத்தில் தரிக்காமல் தளும்பும்.
கட்டி என்று சொல்ல முடியாது, தண்ணீர் என்றும்.
வழுக்கல் அங்கேதான் குடியிருக்கிறது.

ஆனால் மட்டமாக இருந்தால் கல் போகாது.
வெளியூர்க்காரர்கள் இதை நம்புவதில்லை.
முதுகில் கலம், கையில் ஊசித்துளைப் பித்தளைத் தலை,
பின்னோக்கி நடந்தபடி வெந்நீர்த் துளிகளை வீசுவேன்.
விழுந்த இடத்தில் உறைந்து
அம்மைக் கொப்புளமாக நிற்கும்.
கல்லின் அடிவயிறோ குழிந்தது,
வட்ட விளிம்பு மட்டும் இறங்கும்,
சுண்டுவிரல் நகத்தின் அகலத்துக்கு.
பத்தொன்பது கிலோக் கருங்கல்
தடத்தைத் தொடுகிற இடத்தையெல்லாம் கூட்டினால்
ஒரு தபால்தலை தேறினால் அதிகம்.

ஓரெஸ்டுக்கு இந்தக் கணக்கு போதாது.
குவளையைக் கவிழ்த்து மேசையில் சுழற்றித் தள்ளுவார்.
வலமாகச் சுழன்றால் குவளை இடப்பக்கம் ஒதுங்கும்.
கல்லை அதே மாதிரி விட்டால் வலப்பக்கம் வளையும்.
"ஏன்? சொல்லு."
சாஸ்கட்டூனிலிருந்து ஒரு பேராசிரியை வந்து
மூன்று நாள் கேமராவோடு குப்புறப் படுத்திருந்தார்.
அவரிடம் ஒரு காரணம் இருந்தது,
கூட வந்த மாணவனிடம் வேறொன்று.
ஓரெஸ்ட் இருவருக்கும் பீர் வாங்கிக் கொடுத்தார்.

இப்போது மண்டியிட்டுப் பார்க்கிறேன்.
ரோமம் இல்லை, ஊசிகள்.
இருநூறு பேரின் மூச்சு
தண்ணீராகும் சிரமம்கூட இல்லாமல்
ஆவியிலிருந்து நேரே இங்கு வந்து உட்கார்ந்திருக்கிறது.
நீட்டியிருந்த கைகள் கிடைத்ததைப் பிடித்துக்கொண்டன.
டோரீன் அழாமல் அடக்கிவைத்த மூச்சு இதில் உண்டு.
லாயிட் சொன்ன கெட்ட ஜோக்கும்
அதற்குச் சிரித்து வாயைப் பொத்தியவர்களும்.
பாதிரியாரின் வெங்காய வாடையும்.
காப்பிப் பாத்திரத்தைத் திட்டிய என் மூச்சும்
எங்காவது மூன்றாம் தடத்தில்.

ஒரு கல்லைத் தள்ளினேன்.
இரண்டாம் தடம், ஓரெஸ்டின் வழக்கமான விசை.
கரகரத்துப் போய்
வட்டத்துக்கு வெகு முன்னாலேயே நின்றுவிட்டது.
வளையவும் மனமில்லை.

ஏழு மணிக்குப் பள்ளிப் பிள்ளைகள் வருவார்கள்.
பிளேடை மயிரிழை இறக்கி இயந்திரத்தைத் தள்ளினேன்,
நான்கு தடமும், போக வர.
ஒன்பது வாளி.
பின்கதவைத் திறந்து கொட்டினேன்,
ஏற்கெனவே கிடந்த பனியின் மேல்.
கொட்டிய இடம் தெரியவில்லை.
என் இமையில் அதற்குள் புது ஊசிகள்.

இடைக்கதவைத் தாழ்போட்டேன்.
கலத்தில் வெந்நீர் நிரம்புகிறது.
டோரீனின் பெரோகிச் சட்டி சமையலறையில் கிடக்கிறது,
வெண்ணெய் மேலே ஏடு கட்டி.
இன்னும் கழுவவில்லை.